என் கையெழுத்தில் கெட்டுப்போன நெய்

போத்தலை அவர் என் மேசைமேல் வைத்த சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெரிய ஊறுகாய்ப் போத்தல். கழுத்துவரை நெய், மணல் மணலாக உறைந்திருந்தது.

"இதையும் உன் மிஷினுல போடு. போட்டுட்டு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

கைலி, அதன்மேல் எப்போதோ தேர்தலுக்குக் கொடுத்த டீ-சட்டை, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். தொழுவத்திலிருந்து நேராக மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறார். ஏர்கோன் குளிரில் சாணி வாடை தூக்கலாக வந்தது. எங்கள் லேப்புக்கு இப்படி யாரும் வந்ததில்லை. சாம்பிள்கள் கூரியரில் வரும், எண் ஒட்டி அலமாரியில் வைப்போம். அவற்றுக்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பது எங்களுக்கு மறந்தே போகும்.

"யாருக்கா நீங்க?"

"பரமேஸ்வரி. என்னைக் கலப்படக்காரின்னு எழுதிக் குடுத்தியே, அவதான் நான்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் படித்த திமிர் இருக்கிறதே, அது முதலில் வாயைத் திறந்துவிடும்.

"நான் யாரையும் அப்படி எழுதலக்கா. மிஷின் காட்டுனத எழுதினேன். மிஷின் பொய் சொல்லாது."

இப்படித்தான் சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன். இதை எழுதும்போதுகூட என்னை நானே இரண்டு அறை விட வேண்டும் போலிருக்கிறது.

மைக்கில் வாசித்தது

அதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்துக் கோயில். தோட்டத்தில் ஆள் குறைந்துவிட்டாலும், வெளியே போனவர்கள் வெள்ளிக்கிழமை பூஜைக்குக் கார் போட்டுக்கொண்டு வருவார்கள். அந்தக் கோயில் விளக்குக்கும் சர்க்கரைப் பொங்கலுக்கும் பல வருஷமாக நெய் கொடுத்தவர் பரமேஸ்வரி. தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டு ஆறு மாடு வைத்திருந்தார். புருஷன் இல்லை. மகள் கிள்ளானில் கல்யாணமாகிப் போய்விட்டாள். மாடும் பாலும் நெய்யும்தான் அவருக்குப் பிழைப்பு, பேச்சுத்துணை, எல்லாம்.

கோயில் நிர்வாகத்தில் யாரோ கிளப்பிவிட்டார்கள்: நெய் முன்போல மணக்கவில்லை. கிளப்பியவர் யார், அவருக்கு என்ன லாபம் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தலைவர் ஒரு சின்ன டப்பாவில் நெய்யைப் போட்டு எங்களுக்கு அனுப்பினார். "தாவரக் கொழுப்பு கலந்திருக்கிறதா?" என்று ஒரு வரிக் கடிதம்.

நான் சோதித்தேன். கலந்திருக்கிறது என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.

நம் ஊர்க் கோயில்களில் மைக் என்ன பாடு படும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்று உபயம் யார், பிறந்தநாள் யாருக்கு, வழியை மறைத்து நிற்கும் காரின் நம்பர் என்ன, எல்லாம் அதில்தான் வரும். அந்த வெள்ளிக்கிழமை தீபாராதனை முடிந்து ஜனம் தட்டில் பொங்கலோடு உட்கார்ந்திருக்க, தலைவர் என் ரிப்போர்ட்டை மைக்கில் வாசித்தார். பேர் சொல்லி வாசித்தார். பரமேஸ்வரி அப்போது மடப்பள்ளியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாராம். கை நிறையச் சோப்பு நுரையோடு வெளியே வந்து நின்றிருக்கிறார். யாரோ அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். சுங்கை சோவில் அவரிடம் நெய் வாங்கிய பலகாரக் கடைக்காரர் மறுநாளே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வீடு பால் வாங்கியவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட, அவரிடம் போய் "ஏம்மா, என்ன நடந்துச்சு?" என்று கேட்கவில்லை. அந்த ஒருத்தராக நானும் இருந்திருக்கலாம். எனக்குத் தோன்றவேயில்லை.

எண்ணெய் ஊர்க்காரியின் பழக்கம்

என் தவறு விளங்க வேண்டுமென்றால் என் வேலை விளங்க வேண்டும். பயப்படாதீர்கள், பாடம் நடத்தமாட்டேன்.

கொழுப்பு என்பது சங்கிலிகள். கார்பன் அணுக்கள் ஒன்றின் கையை ஒன்று பிடித்து நிற்கும். சிலது நாலு கார்பன் நீளம், சிலது பன்னிரண்டு, சிலது பதினாறு, பதினெட்டு. அவற்றைப் பிரித்து, ஆவியாகிற மாதிரி மாற்றி, குழாய் ஒன்றுக்குள் விடுவோம். நூறு மீட்டர் நீளம், உள்ளே தலைமுடி நுழைகிற அளவு துவாரம். ஓர் அடுப்புக்குள் சுருட்டி வைத்திருக்கும். வாயு தள்ளத் தள்ளக் குட்டைச் சங்கிலி முதலில் ஓடி வெளியே வரும், நெட்டை பின்னால் வரும். ஒவ்வொன்று வரும்போதும் திரையில் ஒரு மேடு எழும். மேடு எழும் நேரத்தை வைத்து அது யார் என்று சொல்லலாம், பரப்பை வைத்து எவ்வளவு என்று சொல்லலாம். கேஸ் குரோமடோகிராஃபி என்று பெரிய பேர். லேப்பில் ஜி.சி. என்போம்.

சென்ற வாரப் பத்தியில், முதல் வேலையாகச் செம்பனை எண்ணெய் மில் லேப்பில் நான் சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். பழம் வேகும் அந்தப் புளித்த வாடை பள்ளிக்கூடச் சட்டையில்கூட ஒட்டியிருக்கும் ஊரில் பிறந்தவள் நான். எங்கள் அப்பா ஆஸ்பத்திரி உத்தியோகம். யாழ்ப்பாணக் குடும்பம், படிப்புதான் சொத்து என்று வளர்த்தார்கள். படித்தேன். படித்துவிட்டு இருபது வருஷமாக இதே செம்பனை எண்ணெயை, பாமாயிலைத்தான் குழாய்க்குள் விட்டுக்கொண்டிருக்கிறேன். எத்தனை ஆயிரம் சாம்பிள் என்று கணக்கில்லை. அந்தப் பதினாறு கார்பன் மேடு கண்ணை மூடினாலும் தெரியும்.

செம்பனை எண்ணெயில் குட்டைச் சங்கிலியே கிடையாது. அதனால் நாங்கள் அடுப்பைத் தொடக்கத்திலேயே நல்ல சூட்டில் வைப்போம், வேலை சீக்கிரம் முடியும். முதல் சில நிமிஷம் கரைப்பான் மட்டும்தான் வெளியே வரும் என்பதால், அதைக் கணக்கில் எடுக்காதே என்று கம்ப்யூட்டரிடம் சொல்லி வைத்திருப்போம். சாம்பிளைச் சூட்டில் வைத்து, வாயு ஊதி உலர்த்தவும் செய்வோம். செம்பனை எண்ணெய்க்கு இதில் ஒரு தப்பும் இல்லை.

பசு நெய்யின் அடையாளமே அந்த நாலு கார்பன் குட்டைச் சங்கிலிதான். பியூட்ரிக் அமிலம். மாடு, எருமை, ஆடு கொடுக்கும் பாலில்தான் இருக்கும், எந்த மரத்து எண்ணெயிலும் இருக்காது. அதுதான் ஜாமீன். அதை நான் என்ன செய்தேன் தெரியுமா? பாதியைச் சூட்டில் ஊதிப் பறக்கவிட்டேன். மிச்சம், கணக்கில் எடுக்காதே என்று சொல்லி வைத்த நிமிஷங்களுக்குள் வந்து போய்விட்டது. எண்ணெய்க்கு வைத்திருந்த புரோகிராமிலேயே நெய்யை ஓடவிட்டிருக்கிறேன்!

யாராவது கேட்டால் இது முதல் வருஷப் பிள்ளைகள் செய்கிற தப்பு என்பேன். இல்லை. முதல் வருஷப் பிள்ளை புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்கும். எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை, ஏனென்றால் எனக்கு எல்லாம் தெரியும்.

புண்ணாக்கு

சரி, அந்த ஊறுகாய்ப் போத்தலுக்கு வருகிறேன். பரமேஸ்வரி நிற்கிறார், நான் உட்கார்ந்திருக்கிறேன். நாற்காலி கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"அக்கா, நாலு கார்பன் இல்ல. சரி, அத விடுங்க. பன்னெண்டு கார்பன் எக்கச்சக்கமா இருக்கு. லாரிக்னு சொல்வோம். அது கொட்டைப் பருப்பு எண்ணெயிலதான் அவ்வளவு இருக்கும். அது எப்படி உங்க நெய்யில வந்துச்சு?"

"கொட்டையா?"

"செம்பனைக் கொட்டைக்கா. அதுக்குள்ள இருக்குற பருப்பு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன்.

"நீ இந்த ஊருக்காரிதானே? எம்மாட்டுக்கு நான் என்ன போடுறேன்னு நினைச்ச? புல்லு எங்கடி இருக்கு இங்க? சுத்திச் சுத்தி எண்ணெ மரம். மில்லுலேருந்து லோரியில வர்ற கொட்டைப் புண்ணாக்குதான் மூட்டை மூட்டையா வாங்கிப் போடுறேன். நான் மட்டுமா? இந்தப் பக்கம் மாடு வச்சிருக்குற அத்தனை பேரும் அதத்தான் போடுறான். இது தெரியாமயா நீ மிஷின் வச்சிருக்க?"

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

பருப்பைப் பிழிந்து எண்ணெய் எடுத்த பிறகும் புண்ணாக்கில் கொஞ்சம் எண்ணெய் மிச்சமிருக்கும். மாடு அதைத் தின்றால் அந்தப் பன்னிரண்டு கார்பன் பாலில் ஏறும். இது எனக்குத் தெரிந்த விஷயம். எங்கள் லேப்புக்கே புண்ணாக்குச் சாம்பிள் மாதாமாதம் வருகிறது, மாட்டுத் தீவனம் என்று ஒட்டியே வருகிறது! அதை ஒரு கையிலும் நெய்யை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவே ஒரு மாடு இருப்பதை யோசிக்காத மடச்சி நான்.

நாற்காலியை இழுத்துப் போட்டேன். "உக்காருங்கக்கா."

"உக்கார வரல. மாடு கத்தும்." போத்தலை என் பக்கம் தள்ளிவிட்டு அவர் படி இறங்கிப் போனார். பூட்ஸ் சத்தம் கீழ்வரை கேட்டது.

யார் வாடிக்கையாளர்?

அந்தப் போத்தலை நான் தொடவில்லை. அதைச் சோதித்து நல்லது என்று சொன்னால், புதிதாகச் சுத்தமாகக் காய்ச்சிக் கொண்டுவந்திருப்பார் என்பார்கள். கோயில் அனுப்பிய அதே டப்பாவில் மிச்சம் எங்கள் குளிர்ப்பெட்டியில் இருந்தது. அதை எடுத்தேன்.

முதல் முறை எந்தப் புரோகிராமில் ஓட்டினேன் என்று திறந்து பார்த்தால், எண்ணெய்ப் புரோகிராம்! இந்த முறை சூடு காட்டவில்லை, ஊதவில்லை. அடுப்பைத் தாழ்ந்த சூட்டில் தொடங்கினேன். முதல் நிமிஷத்திலிருந்து கணக்கு எடு என்றேன். திரையைப் பார்த்தபடியே இருந்தேன். கரைப்பான் மேடு இறங்கியது. அதையடுத்து, தனியாக, சுத்தமாக, நாலு கார்பன் மேடு எழுந்தது. நல்ல பசு நெய்க்கு எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு.

எனக்கு அதுவும் போதவில்லை. வேறொரு சோதனையும் செய்தேன். மாட்டுக் கொழுப்பில் இருப்பது கொலஸ்ட்ரால். மரத்து எண்ணெயில் அதன் பங்காளி ஒன்று இருக்கும், சைட்டோஸ்டெரால் என்று பேர். மாடு எதைத் தின்றாலும் அந்தப் பங்காளி நெய்யில் சொல்லும்படி வந்து சேராது, எண்ணெயை ஊற்றிக் கலந்தால்தான் வரும். பரமேஸ்வரி நெய்யில் கொலஸ்ட்ரால் மட்டும்தான் இருந்தது. பங்காளியைக் காணோம்.

இரண்டு நாள் ஆயிற்று. வரைபடங்களை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன்.

"சார், அந்த நெய் ரிப்போர்ட் தப்பு. திருத்தி அனுப்பணும்."

அவர் காகிதத்தைப் பார்க்கக்கூட இல்லை. "இஷ்யூ பண்ணியாச்சு லா. இப்ப மாத்துனா நம்ம லேப் பேரு என்ன ஆகுறது? பெரிய மில்லுங்க எல்லாம் நம்மள நம்பித்தானே அனுப்புறாங்க."

"அந்தம்மா பேரு என்ன ஆகுறது சார்?"

"அந்தம்மா நமக்குக் கஸ்டமரா? கோயில்தான் கஸ்டமர். கோயில் ஏதாச்சும் கேட்டாங்களா? இல்லல்ல? அப்புறம் நீ ஏன் வாலண்டியரா போயி தலைய குடுக்குற?"

இதில் கொடுமை என்னவென்றால், விதிப்படி அவர் சொல்வது பாதி சரி. சோதிக்கச் சொல்லி அனுப்பியவருக்குத்தான் ரிப்போர்ட். யாருடைய நெய்யோ, யாருடைய மானமோ, அவருக்கு அதில் ஒரு வரி பார்க்கக்கூட உரிமை கிடையாது. தப்பென்று தெரிந்தால் திருத்தி அனுப்ப வேண்டும் என்பதும் அதே விதிப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் மூக்குக்கு முன்னால் பிடித்தேன். என் குரல் வெளியே ரிசப்ஷன்வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். கேட்கட்டும். நீங்கள் அனுப்பாவிட்டால் எங்களுக்கு உரிமம் கொடுத்த இடத்துக்கு நானே எழுதுவேன், ராஜினாமாவையும் சேர்த்துத் தருவேன் என்றேன்.

"கத்தாத லா. அனுப்பு. ஆனா உன் தப்புன்னு உன் பேர்லயே அனுப்பு."

"என் தப்புதான் சார்," என்றேன். அதில் எனக்குக் கூச்சமே இல்லை.

பொன்னாடை

தலைவரிடம் திருத்திய ரிப்போர்ட்டை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுகிறேன் என்றார். மைக்கில் சொன்னதை மைக்கில்தான் எடுக்க வேண்டும் என்று நின்றேன். சரி, வெள்ளிக்கிழமை வாங்க என்றார்.

போனேன். பூஜை முடிந்தது. தலைவர் மைக்கைப் பிடித்தார். விஞ்ஞானம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது, நம் இனத்துப் பெண் ஒருவர் எவ்வளவு உயர்ந்த வேலையில் இருக்கிறார், அவர் எவ்வளவு நேர்மையாக மறுபரிசோதனை செய்து உண்மையைக் கண்டுபிடித்தார் என்று பத்து நிமிஷம் பேசினார். பரமேஸ்வரி என்ற பேர் அதில் வரவில்லை. "ஒரு சின்னத் தவறான புரிதல்" என்று வந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டு, செயலாளர் கையிலிருந்து ஒரு பொன்னாடையை வாங்கி என் தோளில் போட்டார். ஜனம் கை தட்டியது.

தப்பு செய்தவளுக்குப் பொன்னாடை!

அவர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். "பரமேஸ்வரி அக்கா குடுத்தது சுத்தமான பசு நெய். அவங்க ஒரு சொட்டுக்கூடக் கலக்கல. நான்தான் தப்பா சோதிச்சேன், தப்பா கையெழுத்துப் போட்டேன். அத இங்க பேர் சொல்லி வாசிச்சது அதவிடப் பெரிய தப்பு," என்றேன். அதற்குமேல் பேசியது ஜனத்துக்குக் கேட்டதா தெரியாது. யாரோ மணியை அடிக்கத் தொடங்கிவிட்டார்கள், அன்னதானத்துக்கு வரிசை நின்றுவிட்டது. அந்த வீடியோவை எடுத்தவர் இதை எடுத்தாரா என்று தேடிப் பார்த்தேன். எடுக்கவில்லை.

பரமேஸ்வரி அங்கே இல்லை. கூட்டத்தில் தேடிய பிறகுதான் விசாரித்தேன். என் முதல் ரிப்போர்ட்டை வாசித்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் கோயில் பக்கமே வரவில்லையாம். கோயிலுக்கு இப்போது டின் நெய் வாங்குகிறார்களாம். அதை யாரும் லேப்புக்கு அனுப்பவில்லை.

ஆறில் இரண்டு

மறுநாள் காலையில் லயத்துக்குப் போனேன். லேப்பிலிருந்து வெளியே போகக்கூடாத காகிதங்கள் என் பையில் இருந்தன, இரண்டு ரிப்போர்ட்டின் நகலும். போகட்டும், வேலை போனால் போகட்டும் என்று எடுத்துப்போனேன்.

கொட்டகையில் ஆறு மாடு கட்டும் இடத்தில் இரண்டுதான் நின்றன. மற்ற நாலு முளைக்குச்சியும் சும்மா இருந்தன. அவர் குனிந்து தரையைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மாடெல்லாம் எங்கக்கா?"

"சுங்கை பஞ்சாங்லேருந்து ஒருத்தன் வந்து ஓட்டிக்கிட்டுப் போனான். பால் வாங்க ஆள் இல்ல, தீனி மட்டும் போட முடியுமா?"

எப்போது என்று கேட்டேன். போன வாரம் என்றார். எங்கள் முதலாளியோடு நான் கத்திக்கொண்டிருந்த அதே வாரம். நான் விதிப் புத்தகத்தைப் புரட்டியபோது அந்த நாலும் லோரி ஏறியிருக்கின்றன.

"அக்கா, நேத்து கோயில்ல மைக்கில சொல்லிட்டேன். உங்க மேல தப்பில்லன்னு."

"சொன்னாங்க. எதிர்வீட்டுப் பிள்ள வந்து சொல்லுச்சு. என்னா கேட்டுச்சு தெரியுமா? 'அந்தக் கெமிஸ்ட்டுக்கு என்னத்தக் குடுத்துச் சரிக்கட்டினீங்க?'ன்னு கேட்டுச்சு."

பிறகு பையிலிருந்து திருத்திய ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினேன். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"இங்கிலீஷுல இருக்கு. படிச்சுக் காட்டு."

தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தேன். சுத்தமான பால் கொழுப்பு என்ற வரியை இரண்டு தரம் படித்தேன்.

"மொதல்ல எழுதுனது இருக்கா?"

இருந்தது. அதையும் கொடுத்தேன்.

"இதையும் படி."

படித்தேன். தாவரக் கொழுப்பு கலந்துள்ளது என்ற வரியை ஒரு தரம்தான் படித்தேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடிப்பாகத்தைப் பார்த்தார். ஒரே முத்திரை. ஒரே கிறுக்கல்.

"ரெண்டும் உன் கையெழுத்துதானே?"

"ஆமாக்கா."

"இதுல நான் கலப்படக்காரி. இதுல நான் நல்லவ. ஊரு எத நம்பும்? நீயே சொல்லு."

இரண்டு தாளையும் அவர் என் கையிலேயே கொடுத்தார். வாளியை எடுத்துக்கொண்டு மிச்சமிருந்த இரண்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.